எஞ்சினின் இடப்பக்கம்

சோணைமுத்து கண்ணால் பார்க்காத எதையும் கையால் செய்யமாட்டார். புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். பக்கத்து மில்காரர்கள் உடைந்த பல்சக்கரத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பி, "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே" என்றால் பதிலே போடமாட்டார். சாமான் நேரில் வர வேண்டும், அவர் வெர்னியரை வைத்து அளக்க வேண்டும், அப்புறம்தான் லேத்தைத் தொடுவார். இந்தப் பிடிவாதத்தால் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். அதற்காக அவர் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

இப்போது அறுபத்தொரு வயது. மில் வேலை நின்றுவிட்டது. மனைவி அழகி இறந்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரே மகன் முத்துக்கண்ணன் ரயில்வேயில் இருக்கிறான், ஆனால் அப்பாவோடு பேசி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ரயில் தடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓட்டு வீடு. காலையில் ஒரு தரம் உலை வைத்தால் ராத்திரிவரை அதே சோறு. யாரோடும் பேசாமல் மூன்று நாள் கழிந்து, நாலாம் நாள் பால்காரரிடம் வாய் திறந்தபோது தொண்டை கட்டிக்கொண்டு குரலே வராமல், அவர் "சளியாண்ணே?" என்று கேட்டதுண்டு. சளியெல்லாம் இல்லை.

அந்த வீட்டின் ஜன்னலோரம் ஒரு மேசை கிடந்தது. மேசைமேல் பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, பொற்கொல்லர் வைத்திருப்பது போன்ற சின்ன இடுக்கிகள், அரங்கள், சால்டரிங் அயர்ன். அங்கே உட்கார்ந்து அவர் ரயில் எஞ்சினுக்கு உறுப்புகள் செய்தார். பொம்மை எஞ்சின் என்று யாராவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நிஜ எஞ்சினை எண்பத்தேழு பங்காக்கி அதில் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு நீளம் இருக்கும் மாடல். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. குட்டித் தண்டவாளத்தில் கரண்டில் ஓடும்.

இந்தப் பழக்கத்தை அவருக்கு ஒட்டவைத்தவர் வெங்கட்ராமன். சென்னையில் பேங்க் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷத்துக்கு முன் நேமத்தான்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், சட்டைப் பையில் ஒரு மாடல் எஞ்சினின் ஹாரனைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, "இதை யாராவது பித்தளையில் கடைந்து தருவாங்களா?" என்று விசாரித்து விசாரித்து மில்லுக்கு வந்து சேர்ந்தார். கடுகைவிடச் சற்றே பெரிய சாமான். மில்லில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சோணைமுத்து சிரிக்கவில்லை. அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வாய் விரியிற எடத்துல அளவு தப்பா இருக்கு சார். இதப் பாத்துச் செஞ்சா நானும் தப்பாத்தான் செய்வேன்" என்றார். வெங்கட்ராமனுக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று.

கம்பெனியில் அச்சில் வார்த்து வரும் மாடல்கள் எல்லாம் ஒரே சாயலாக இருக்கும். தடத்தில் ஓடும் எஞ்சின்கள் அப்படி இல்லை. ஒன்றில் கைப்பிடிக் கம்பி வளைந்திருக்கும், இன்னொன்றில் ஹாரனை இடம் மாற்றி வைத்திருப்பார்கள், மற்றொன்றில் எப்போதோ எருமை மோதி முன்தகடு நெளிந்திருக்கும். எனக்கு இன்ன நம்பர் எஞ்சின்தான் வேண்டும், அதன் நெளிவோடு வேண்டும் என்று உயிரை விடுகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக சோணைமுத்து பால்பாயிண்ட் ரீஃபிலின் முனையை அறுத்து ஹாரன் செய்தார். மோட்டார் காயில் கம்பியில் கைப்பிடி, டீ வடிகட்டியின் வலையில் ரேடியேட்டர் சல்லடை, ஊசி மருந்துக் குழலில் காற்றுக் குழாய், எண்ணெய் டின் தகட்டில் முன்தகடு. கண்ணாடி துடைக்கிற வைப்பரை ஒற்றை ஒயர் இழையில் செய்வார். அதைச் செய்யும்போது மூச்சுவிடக் கூடாது. விட்டால் பறந்துபோய்விடும், அப்புறம் தரையில் தவழ்ந்து தேட வேண்டும்.

பிறருக்கு உறுப்பு மட்டும்தான் செய்து அனுப்புவார். தனக்கென்று ஒரே ஒரு முழு எஞ்சினை வைத்துச் செய்துகொண்டிருந்தார். நம்பர் நாற்பத்தேழில் முடியும் டீசல் எஞ்சின். அதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தை அவர் வெங்கட்ராமனிடம்கூடச் சொன்னதில்லை.

முத்துக்கண்ணன் பரீட்சை எழுதி உதவி லோகோ பைலட் ஆனபோது சோணைமுத்துவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மில் முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஆனால் அவருக்கு ஒரு கெட்ட வியாதி இருந்தது. பெருமையை நேராகச் சொல்ல வாய் வராது, நக்கலாகத்தான் வரும். அழகி இருந்தவரை அவள் பக்கத்தில் நின்று முழங்கையால் இடித்துக்கொண்டே இருப்பாள், அளவோடு நிற்கும். அவள் போனபின் இடிக்க ஆள் இல்லை.

கோவிலூரில் முத்துக்கண்ணனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். கூடம் நிறைய இரண்டு பக்கத்துச் சொந்தமும் உட்கார்ந்திருந்தது. பெண்ணின் மாமா, "மாப்பிள்ளை ரயிலு டிரைவராக்கும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். சோணைமுத்து காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டிரைவரெல்லாம் இல்ல. டிரைவரு பக்கத்துல ஒக்காந்து பச்ச, மஞ்சன்னு கத்துற வேல. லாரிக்குக் கிளீனர் இருப்பான்ல, அந்த மாதிரின்னு வச்சுக்கங்க" என்றார். கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். முத்துக்கண்ணன் அந்தச் சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து பையை எடுத்துத் துணிகளை அடைத்தான். பெண் வேண்டாம் என்றான். சோணைமுத்து, "வெளயாட்டுக்குச் சொன்னதுக்கா இம்புட்டு?" என்றார். மன்னிச்சுக்கடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "டிரைவர் சீட்டுல ஒக்காந்த அன்னிக்குத்தான் இந்த வாசல மிதிப்பேன்." போய்விட்டான். திருச்சியில் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகச் சொந்தத்தில் யாரோ சொன்னார்கள். அவன் நம்பர் போனில் இருந்தது. கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் தற்செயலாக அவனைப் பார்த்தார். தெருமுனையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. காரைக்குடியில் இருந்து நெல் ஏற்றிவர டெல்டா பக்கம் போகும் காலி கூட்ஸ் வண்டி அது. எஞ்சினின் வலப்பக்க ஜன்னலில் முத்துக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். ரயில் எஞ்சினில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம், உதவியாளருக்கு வலப்பக்கம். சோணைமுத்துவின் வீடு தடத்துக்கு வலப்பக்கம். இருவர் கண்ணும் ஒரு வினாடி சந்தித்தன. அவன் தடத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டான். எஞ்சினின் நம்பர் நாற்பத்தேழில் முடிந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு அவர் கேட்டுக்கு வந்து, வேப்பமரத்தடியில் அதே இடத்தில் நிற்பார். கூட்ஸ் சில நாள் வரும், சில நாள் வராது. வந்தாலும் எல்லா நாளும் அதில் அவன் இருக்கமாட்டான். மாதத்தில் ஐந்தாறு முறை பார்க்கக் கிடைக்கும். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. அவன் மெலிந்திருக்கிறானா, சவரம் செய்திருக்கிறானா என்று அந்த ஒரு வினாடியில் பார்த்துவிடுவார். நெல்லோடு திரும்புகிற வண்டி இருட்டியபிறகுதான் கேட்டைக் கடக்கும். முன்விளக்கின் வெளிச்சத்தில் எஞ்சினுக்குள் யார் இருக்கிறார் என்று எதுவும் தெரியாது.

நாற்பத்தேழாம் எஞ்சினை அப்படித்தான் செய்யத் தொடங்கினார். வெங்கட்ராமனிடம் அதே வகை மாடல் ஒன்றைக் கேட்டு வாங்கி, பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, தான் பார்த்த வலப்பக்கத்தை ஒவ்வொன்றாக ஏற்றினார். கதவுக் கொண்டிகள், படிக்கட்டு, ஜன்னலுக்குக் கீழே வேறு சாயத்தில் பூசியிருந்த திட்டு. உள்ளே உதவியாளரின் இருக்கையைச் செய்து, அதன் பக்கத்தில் என்னென்ன இருக்கும் என்று வெங்கட்ராமனைக் கேட்டார். அவர் அனுப்பிய படத்தில் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி தெரிந்தது.

"அது எதுக்கு சார்?" என்று போனில் கேட்டார்.

"அவசர பிரேக். டிரைவர் மயங்கி விழுந்தாலும், தூங்கிப்போனாலும் வண்டியை நிறுத்தறதுக்கு. அசிஸ்டண்ட் கையில்தான் இருக்கும். டிரைவர் ஒரு சிக்னலைப் பார்த்தா அசிஸ்டண்டும் பார்த்துச் சத்தமா சொல்லணும். ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னாத்தான் வண்டி நகரணும். சும்மா இல்ல சோணைமுத்து, ஆயிரம் உயிரு அந்த ஜன்னல்ல இருக்கு."

அந்தக் கைப்பிடி எள்ளளவுதான் வரும். அதைச் செய்து முடிக்க அவருக்கு நான்கு நாள் ஆயிற்று. வேலை கடினம் என்பதால் அல்ல. ஒவ்வொரு முறை இடுக்கியில் எடுக்கும்போதும் கோவிலூர்க் கூடத்துச் சிரிப்பு காதில் கேட்டது, இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். பச்ச, மஞ்சன்னு கத்துற வேல என்று தானே சொன்னார். தன்னை நினைத்து அவருக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாளில் இருந்து முத்துக்கண்ணன் வலப்பக்க ஜன்னலில் வருவது நின்றுவிட்டது. ஒரு மாதம் பார்த்தார், இரண்டு மாதம் பார்த்தார். வேறு வேறு இளவட்டங்கள் அந்த ஜன்னலில் வந்தார்கள். மாற்றலாகிப் போயிருப்பான் என்று முடிவு செய்தார். என்னைப் பார்க்கப் பிடிக்காமல் அவனே கேட்டு வாங்கியிருப்பானோ என்ற நினைப்பு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. ஆனாலும் காலை எட்டு மணிக்கு வேப்பமரத்தடிக்குப் போவதை நிறுத்தவில்லை. எஞ்சினைப் பார்க்கத்தான் போகிறேன், மாடலுக்கு அளவு வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேட்பார் ஆளில்லாத வீட்டில் பொய் சொல்வது சுலபம். இன்னும் இரண்டு வருஷம் ஓடிற்று.

போன மாதம் வலப்பக்கம் முழுவதும் முடிந்தது. படம் எடுத்து வெங்கட்ராமனுக்கு அனுப்பினார். அரை மணியில் அவர் போன் செய்துவிட்டார்.

"என்னய்யா இது, நிஜ எஞ்சினையே சுருக்கிட்டீங்க! இடப்பக்கம் ஒரு படம் அனுப்புங்க."

சோணைமுத்து மேசையைப் பார்த்தார். சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருந்த இடப்பக்கம் மொட்டைப் பிளாஸ்டிக்காக நின்றது. ஒரு கம்பிகூட ஏறவில்லை.

"அந்தப் பக்கம் இன்னும் செய்யல சார். நான் பாத்தது இல்ல."

"நாலு வருஷமா பார்க்கறேன்னு சொன்னீங்களே?"

"இந்தப் பக்கமாத்தான் பாத்தேன்."

வெங்கட்ராமன் சிரித்துவிட்டார். "தடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்னாப் போச்சு. பத்தடி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, தெரியுமில்ல? கதவு மாறும், குழாய் மாறும்."

அவருக்குத் தெரியாதா! தெரிந்தும் நாலு வருஷமாக அந்தப் பத்தடியைத் தாண்டவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற மனுஷர், பாதி எஞ்சினைத்தான் எஞ்சின் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலை நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, கேட் மூடுவதற்கு முன்பே தடத்தைத் தாண்டினார். கேட்மேனின் அறை அந்தப் பக்கம்தான். கேட்மேன் முத்தரசு மிலிட்டரியில் இருந்து வந்தவர், பச்சைக்கொடியைக் கம்பில் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, இங்குட்டு வந்துட்டீக? எப்பவும் அங்குட்டு மரத்தடியிலதான நிப்பீக?"

"இந்தப் பக்கமும் பாக்கணும்ல" என்றார் சோணைமுத்து.

கூட்ஸ் வந்தது. நாற்பத்தேழாம் எஞ்சின்தான். முதலில் கதவுகளை எண்ணிவிட வேண்டும், பிறகு காற்றுத் தொட்டி, பிறகு குழாய் என்று மனசுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தார். பென்சிலை நோட்டில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். இடப்பக்க ஜன்னலில், ஓட்டுகிறவரின் இருக்கையில், முத்துக்கண்ணன் இருந்தான்.

முகம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மீசை கெட்டியாகியிருந்தது. கண் நேராகத் தடத்தில் இருந்தது, சட்டென்று கீழே இறங்கி அப்பாவின்மேல் பட்டது. அந்த முகத்தில் என்ன வந்தது என்று சோணைமுத்துவால் படிக்க முடியவில்லை. ஹாரன் அடித்தது. எஞ்சின் அவரைக் கடந்தது. அவர் ஒரு கதவைக்கூட எண்ணவில்லை.

வண்டி போனதும் முத்தரசு கொடியைச் சுருட்டினார். "நல்ல டிரைவருண்ணே இவரு. ஒரு வருசத்துக்கு மேல இந்த லயன்ல ஓட்டுறாரு. கொடி காட்டுனா கை தூக்காமப் போக மாட்டாரு. இன்னிக்கு என்னமோ தூக்கல."

அது எம்மகன் என்று சொல்ல சோணைமுத்துவுக்கு வாய்வரை வந்தது. ஐந்து வருஷம் பேசாத மகன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

ஒரு வருஷத்துக்கு மேல். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உட்கார்ந்த அன்றைக்கு வாசலை மிதிப்பேன் என்றவன் வரவில்லை. மாற்றலாகிவிட்டான் என்று நினைத்திருந்தவரை மனசுக்கு ஒரு பிடி இருந்தது. தூரத்தில் இருக்கிறான், இன்னும் டிரைவர் ஆகவில்லை, ஆனால் வருவான். அந்தப் பிடி இப்போது போய்விட்டது. மகன் டிரைவர் ஆனதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. சந்தோஷம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து நாற்காலியில் உட்கார்ந்து அழுது முடித்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார். வண்டியில் இருந்தால் அணைத்து வைத்திருப்பான். மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தான்.

"அப்பா."

"டூட்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. எங்களுக்குன்னு ரூம் இருக்கு, அங்கதான் இருக்கேன்."

"சாப்ட்டியா?"

"இனிமேத்தான்."

அங்கே யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"எப்பத்துல இருந்து ஓட்டுற?"

"போன சித்திரைக்கு முந்தின சித்திரை. அதுக்கு முன்னாடி ஒரு வருசம் யார்டுல, பெட்டி கோக்குற எடத்துல இருந்தேன்."

"அந்த சீட்டுல ஒக்காந்தா வருவேன்னு சொன்ன."

"சொன்னேன். ஒக்காந்த அன்னிக்குக் கெளம்பி காரைக்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன்ப்பா. அங்க நின்னு யோசிச்சேன். டிரைவரா ஆகி வந்து நின்னா, நீங்க அன்னிக்குச் சொன்னது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில ஆயிரும்? அசிஸ்டண்டா இருந்த நாள் பூராவும் நான் ஒண்ணுமில்லாதவன்னு ஆயிரும். அதான் திரும்பிட்டேன்."

சோணைமுத்து ஐந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது ஒரே வரியாகத்தான் வந்தது. "அவசர பிரேக்கு ஒம் பக்கந்தான் இருக்குன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாதுடா."

"இன்னிக்கு எதுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னீக?" என்று கேட்டான். குரலில் கோபம் இருந்தது.

"எஞ்சினப் பாக்க."

"நான் பயந்துட்டேன்ப்பா. அந்தக் கேட்டு வந்தா, யாரு அசிஸ்டண்டா இருந்தாலும் கேப்பேன், மரத்தடியில ஒரு பெரியவரு நிக்கிறாரான்னு. நிக்கிறாருன்னு சொல்லுவாங்ய. சரின்னுட்டு ஓட்டுவேன். இன்னிக்கு அவன் இல்லைங்கிறான். எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அடுத்த நிமிசம் பாத்தா என் பக்கம் நிக்கிறீக. கொடிக்குக் கைகூடத் தூக்கல. நெஞ்சு படபடன்னு அடிச்சு, அடுத்த கேட்டுக்கு முன்னாடி ஹாரன் அடிக்கச் சொல்ற போர்டு வந்தும் லேட்டாத்தான் அடிச்சேன்."

"ஒரு வருசமா கேக்குறியா?"

"ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்து. நிக்கிறீகன்னு காதுல விழுந்தாப் போதும்ப்பா. நல்லா இருக்கீகன்னு தெரிஞ்சுக்குவேன். அதுக்கு மேல வரணும் போகணும்னு தோணுறதில்ல."

சோணைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாயேண்டா."

"பாப்பம்ப்பா. டூட்டி எப்புடி விழுகுதுன்னு பாத்துக்கிட்டு."

பாப்பம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். ஊரில் வரப்போகிறவன் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

அன்று இரவும் மறுநாளும் அந்தப் பேச்சையே திருப்பித் திருப்பி நினைத்தார். மறுநாள் கூட்ஸ் வரவில்லை. வெங்கட்ராமன், "இடப்பக்கம் ஆச்சா?" என்று செய்தி அனுப்பியிருந்தார். பதில் போடவில்லை. முத்துக்கண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் அவருக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் நிற்பது தெரிந்தால் போதும், அவன் வரமாட்டான். அப்படியானால் இத்தனை நாள் மரத்தடியில் போய் நின்று நின்று, மகன் வராமல் இருப்பதற்கு அவரே வழி செய்து கொடுத்திருக்கிறார். நிற்காவிட்டால்? ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை என்றால், மூன்றாம் நாள் பதறிக்கொண்டு வருவான். வாசலை மிதிப்பான். இவ்வளவு சுலபமான கணக்கு இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

அதற்கடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அவர் கேட்டுக்குப் போகவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு மேசைமுன் உட்கார்ந்தார். கம்பி ஒன்றை எடுத்து வளைத்தார், வளையவில்லை, வைத்துவிட்டார். எட்டரைக்குக் கேட் மூடும் மணி கேட்டது. கூட்ஸ் வருகிறது. அதில் அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. இருந்தால் இன்னும் சில நிமிஷத்தில் பக்கத்தில் இருப்பவனைக் கேட்பான். இல்லை என்று பதில் வரும். திக்கென்று இருக்கும். இருக்கட்டும். ஐந்து வருஷம் எனக்கு இருந்ததில் ஒரு நாள் அவனுக்கு இருக்கட்டும்.

அப்படி நினைத்த மறுகணமே அவருக்கு அடுத்த கேட்டு நினைவுக்கு வந்தது. அங்கே வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரம் இது. ஹாரன் லேட்டா அடிச்சேன் என்றான். முந்தாநாள் லேட்டாக அடித்தான், இன்றைக்கு அடிக்காமலே போனால்? நாலு நாள் உட்கார்ந்து அந்த எள்ளளவு கைப்பிடியைச் செய்தவருக்கு, அந்த அறைக்குள் ஒரு மனசு ஒரு வினாடி அங்கே இங்கே போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக, வண்டி ஓட்டுகிறவனின் நெஞ்சைப் படபடக்க வைப்பதா? அது அன்றைக்குக் கோவிலூரில் செய்ததைவிடக் கேவலம் இல்லையா? அவருக்கு அவன் வர வேண்டும். உயிர் இருக்கிற மட்டும் அதுதான் வேண்டும். ஆனாலும் எழுந்துவிட்டார்.

செருப்பைத் தேடவில்லை. தெருவில் ஓடினார். இடுப்பு பிடித்துக்கொண்டது, அதைக் கையால் அழுத்திக்கொண்டே ஓடினார். எதிரே வந்த தண்ணி லாரிக்காரர், "என்ன பெரியவரே, எங்குட்டு இந்த ஓட்டம்?" என்று கத்தினார். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு நெஞ்சில் நிற்கவில்லை, கண் இருட்டியது. தடத்துக்கு அந்தப் பக்கம் முத்தரசு கொடியோடு நின்றுகொண்டு இவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

எஞ்சின் வளைவில் திரும்பியது. சோணைமுத்து முகத்தைத் துண்டால் துடைத்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். இளைப்பு வெளியே தெரியாமல் வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, தெம்பான ஆளாக நின்றார். வலப்பக்க ஜன்னலில் ஒரு இளவட்டம் தலையை நீட்டி மரத்தடியைப் பார்த்தான். அவரைக் கண்டதும் உள்பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கத்தில் யார் இருந்தார் என்று இங்கிருந்து தெரியாது. கேட்டுக்கு அடிக்க வேண்டிய ஹாரன் அடிக்க வேண்டிய நேரத்தில் அடித்தது.

காலி வேகன்கள் கடகடவென்று போய்க்கொண்டே இருந்தன. கடைசி வேகன் போகும்வரை அவர் அப்படியே நின்றார். கேட் திறந்து லாரிகள் நகரத் தொடங்கிய பிறகுதான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார்.